நாலாவது வாரத்து வாத்துக்குஞ்சும் அதன் குடல் வளையங்களும்: அத்திபெலேயில் ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூருவின் தென்கோடியில், ஓசூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது அத்திபெலே. அங்கிருந்து ஆனேக்கல் போகும் வழியில் ஒரு சிறிய வாத்துப் பண்ணை. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட கணவனும் மனைவியும்தான் எல்லா வேலையும் பார்க்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு நகரத்தில் வாத்துக்கறிக்கு நல்ல கிராக்கி இருக்கும் என்று நம்பி, அக்டோபர் கடைசியில் சுமார் 400 வெள்ளைப் பெக்கின் குஞ்சுகளை இறக்கியிருந்தார்கள். ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும் இனம் அது. கணக்குப் படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் வரை பெரிய குறை எதுவும் தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் சில குஞ்சுகள் மந்தமாயின, எச்சம் தண்ணியாகப் போனது, வால் பக்கம் இறகெல்லாம் ஒட்டிக் கிடந்தது. ஒரே வயதுக் குஞ்சுகளில் சில பெரிதாகவும் சில பாதியளவிலும் நின்றன. நாலாவது வாரம் தொடங்கியதும் தினமும் சில சாக ஆரம்பித்தன. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் செத்த குஞ்சை அறுத்துப் பார்த்துவிட்டு, குடலைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது, இது வாத்து பிளேக் என்ற வைரஸ் நோய்தான் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. குடலில் சிவந்த வளையங்கள் அந்த நோயின் அடையாளம் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும்.

"டாக்டரம்மா, தடுப்பூசிக்குச் சொல்லியாச்சு. இன்னிக்கே எல்லாத்துக்கும் போட்டுடலாமா?" என்று பண்ணைக்காரர் போனில் கேட்டார். ஊசி போடுவதற்கு முன் நான் வந்து பார்க்கிறேன், அதுவரை குஞ்சு, தீவனம், ஆள் எதுவும் பண்ணையை விட்டு வெளியே போக வேண்டாம், செத்ததை மண்ணில் புதைக்காமல் ஐஸ் பெட்டியில் வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இந்த நிகழ்வை முழுதாக எழுதி வைக்கக் காரணம் அந்த வளையங்கள்தான். வளரும் வாத்தின் குடலில் இருக்கும் நோய் எதிர்ப்புத் திசுவை வயதோடு சேர்த்துப் பார்க்காவிட்டால், இருக்க வேண்டியதை நோய் என்றும், இல்லாமல் போனதை இயல்பு என்றும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒதுக்க வேண்டியது

வாத்துகள் கூட்டமாகச் சாகிறது என்றால் முதல் கேள்வி பறவைக் காய்ச்சல். நம் பகுதியில் இது புத்தகத்தோடு நிற்கும் பயம் இல்லை. 2012 அக்டோபரில் பெங்களூருவுக்கு வெளியே ஹெசரகட்டாவில், மத்திய அரசின் கோழி வளர்ச்சி நிறுவன வளாகத்தில் வான்கோழிகளில் எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் உறுதியானது. அதனால் முகக்கவசம், கையுறை இல்லாமல் எந்தக் குஞ்சையும் தொடவில்லை. கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தகவல் சொல்லி, தொண்டை, எச்சவாய் மாதிரிகளை அவர்கள் மூலமே அனுப்பினோம். முடிவு எதிர்மறையாக வந்தது. வாத்து பிளேக் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனைக்கும் கல்லீரல், மண்ணீரல் துண்டுகள் போயின. ஆனால் அந்த முடிவுகள் வருவதற்கு முன்பே அன்று சில தீர்மானங்களை எடுக்க வேண்டியிருந்தது. அதற்குக் கையில் இருந்தது கத்தியும் கண்ணும்தான்.

அறுத்துப் பார்த்ததில்

அன்று காலை செத்த குஞ்சுகளையும், பிழைக்காது என்று தெரிந்த இரண்டை வலியில்லாமல் முடித்தும், வரிசையாக வைத்துப் பார்த்தேன். மார்புச் சதை வற்றிக் கிடந்தது. கல்லீரல் சற்றுப் பெருத்து, மஞ்சள் பூத்த வெளிர் நிறத்தில், விரலுக்குக் கெட்டியாக இருந்தது. சிறுநீரகம் வெளிறியிருந்தது. தோலுக்கு அடியில் அங்கங்கே இரத்தக் கசிவு. ஒரு குஞ்சின் கால்கள் பின்னோக்கி விறைத்து, கழுத்து முதுகுப் பக்கம் வளைந்து நின்றது. இந்த வளைவைப் பார்த்ததும் வைரஸ் கல்லீரல் அழற்சி நினைவுக்கு வரும். ஆனால் அதில் கல்லீரல் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இரத்தக் கசிவு இருக்கும், பெரும்பாலும் இன்னும் சின்ன வயதில், மூன்று நாலு நாளுக்குள் கூட்டத்தை அடித்துவிட்டுப் போய்விடும். இங்கே சாவு மெதுவாக நடந்துகொண்டிருந்தது. இதயத்தின் மேலும் கல்லீரலின் மேலும் வெள்ளைப் படலம் போர்த்தியிருந்தால் ரீமெரெல்லா என்ற பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம், வாத்துக்குஞ்சுகளில் இந்த வயதுக்கே உரிய நோய் அது. அந்தப் படலமும் இல்லை.

அப்புறம் குடல். வெளிப்பக்கமாகப் பார்த்தபோது வளையங்கள் மங்கலாகத் தெரிந்தன. சிவப்பு இல்லை, கருஞ்சிவப்பும் இல்லை. நீளவாக்கில் கீறி, உப்புநீரில் அலசி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். மோதிரத்தைக் கழற்றிய விரலில் தெரியும் தடம் போல, குடலைச் சுற்றி வெளிறிய ஒரு பட்டை. சாதாரணமாக அந்த இடம் விரலுக்குக் கொஞ்சம் தடிப்பாகப் படும், இதில் தடிப்பு சுத்தமாக இல்லை. உட்பரப்பில் புண் இல்லை, மஞ்சள் நிறத்தில் அழுகல் புள்ளி இல்லை.

பிளேக்கில் இந்தப் பட்டைகள் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் வருவதே இங்கேதான். இந்தப் பட்டைகள் நிணநீர்த் திசு, அதாவது குடலின் நோய் எதிர்ப்புத் திசு. வைரஸ் அதையே தேடிப்போய் அழிக்கிறது. அதனால் பட்டை முழுக்க இரத்தம் கசிந்து, குடலை அறுக்காமலே வெளியிலிருந்து கருஞ்சிவப்பு வளையமாகப் பளிச்சென்று தெரியும். நோய் முற்றும்போது உட்பக்கம் மஞ்சள் அழுகல் புள்ளிகள் வந்து, பிறகு பழுப்பேறும். கூடவே உணவுக்குழாயின் நீள மடிப்புகளிலும் எச்சவாயிலும் மஞ்சள் பொருக்கு கட்டியிருக்கும். இதயத்தின் மேல் தூரிகையால் தெளித்த மாதிரி இரத்தப் புள்ளிகள் இருக்கும். சின்னக் குஞ்சுகளில், நோய் எதிர்ப்புச் செல்கள் வளரும் உறுப்புகளான கழுத்திலுள்ள தைமஸும், எச்சவாய்க்கு மேலுள்ள பர்சாவும் இரத்தச் சிவப்பாக வீங்கியிருக்கும். வாத்தில் வளையமாக இருக்கும் இந்தத் திசு, பெருவாத்தில் (கூஸ்) வட்டத் தட்டுகளாக இருக்கும், அங்கே புண்ணும் தட்டு வடிவில்தான் வரும்.

எங்கள் குஞ்சுகளில் உணவுக்குழாய் சுத்தமாக இருந்தது. எச்சவாயும் சுத்தம். பர்சாதான் என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தது. கோழியில் அது உருண்டைப் பை. வாத்தில் நீண்டு ஒடுங்கி, விரல் மாதிரி இருக்கும். இந்த வயதில் அது நன்றாகத் திரண்டு, அறுத்தால் உள்மடிப்புகள் ஈரமாகப் பிதுங்கி நிற்க வேண்டும். இங்கே அது மெலிந்து, தளர்ந்து, சுவர் மட்டும் மிச்சமான குழாயாக இருந்தது. கழுத்து நெடுகப் பார்த்தால் தைமஸும் மெலிந்த இழைதான். குருட்டுக் குடலான சீக்கம் இரண்டும் குடலோடு சேரும் கழுத்தில் இருக்க வேண்டிய, டான்சில் என்ற நிணநீர்த் தடிப்பும் கைக்குச் சரியாகத் தட்டுப்படவில்லை.

ஆக, நோய் வந்து சிவந்த வளையத்தை இங்கே யாரும் பார்க்கவில்லை. வளர வேண்டிய அளவுக்கு வளராமல் போன வளையத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

வாத்துக்குஞ்சின் குடலுக்குக் காவல் எப்போது வருகிறது

கோழிக்குப் படித்த கணக்கை அப்படியே வாத்துக்குப் போடுவது நம் தொழிலில் பரவலான வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாத்தின் குடல் தன் காவலைக் கட்டும் கால அட்டவணை வேறு.

முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சிடம் சொந்தமாக எதிர்ப்புப் பொருள் எதுவும் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். தாய் மஞ்சள்கரு வழியாகக் கொடுத்த ஐஜிஒய் என்ற எதிர்ப்புப் புரதம்தான் இரத்தத்தில் ஓடுகிறது. அது இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துபோகும். மஞ்சள்கருப் பை உறிஞ்சப்பட்ட பிறகு, நடுக்குடலில் அது ஒட்டியிருந்த இடத்தில் ஒரு சின்ன முனை மிச்சமாகும், மெக்கல் பை என்பார்கள். சும்மா ஒரு தழும்பாகக் கிடக்க வேண்டிய அந்த இடத்திலும் நாளாக ஆக நிணநீர் செல்கள் குடியேறி, அதுவும் ஒரு காவல் நிலையமாகிறது. சிறுகுடலின் வளையப் பட்டைகள் வாத்தில் வழக்கமாக நான்கு. கோழியின் குடலில் பேயர் திட்டுகள் என்ற நிணநீர்த் திட்டுகள் செய்யும் வேலையை இவை செய்கின்றன. மேலே உள்ள சிறப்புச் செல்கள் குடலுக்குள் போகும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து, கீழே காத்திருக்கும் நிணநீர் செல்களுக்குக் காட்டுகின்றன. தீவனம், தண்ணீர், நல்ல பாக்டீரியா எல்லாம் உள்ளே போகப் போகத்தான் இந்தத் திசு தடிக்கிறது, அதற்குள் முடிச்சுகள் உருவாகின்றன. வேலை கொடுத்தால்தான் வளரும் திசு.

பர்சாவின் கதை இன்னும் சுவையானது. இத்தாலியின் பதுவாவில் உடற்கூறு கற்பித்த ஃபேப்ரிசியஸ் அதை விவரித்த நூல் அவர் இறந்த பிறகு, 1621-இல் வெளியானது. அடுத்த முந்நூறு ஆண்டுக்கு மேல் அந்தப் பை எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. 1956-இல்தான் அமெரிக்காவில் புரூஸ் கிளிக்கும் உடனிருந்தவர்களும், பர்சாவை எடுத்துவிட்ட கோழிகள் எதிர்ப்புப் பொருளைச் சரிவர உண்டாக்குவதில்லை என்று காட்டினார்கள். பெரிய இதழ் ஒன்று திருப்பி அனுப்பிய பிறகு, அந்தக் கட்டுரை கோழி அறிவியல் இதழ் ஒன்றில் வந்தது. எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும், மனிதருக்கும் பேசப்படும் பி செல் என்பதில் உள்ள "பி" இந்தப் பர்சாவிலிருந்து வந்ததுதான். குடலின் கடைக்கோடியில் உட்கார்ந்துகொண்டு, எச்சவாய் வழியாக வரும் துகள்களையும் உள்ளே இழுத்துப் பார்க்கும் உறுப்பு அது. குஞ்சு எந்தத் தரையில் உட்காருகிறதோ அந்தத் தரையை அதன் பர்சா அறியும். தரையில் பரப்பிய ஆழ்கூள உமி ஈரமாக நாறிக் கிடந்தால் அதுவும் உள்ளே போகும்.

இனி, குடலின் உட்பரப்பில் நின்று காவல் காக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம். வாத்தின் ஐஜிஏ மரபணுவை 1998-இல் அடையாளம் கண்ட ஆய்வு, குஞ்சுகளின் வயது வாரியாகவும் பார்த்தது. பதினான்காம் நாள் வாக்கில்தான் அதன் வெளிப்பாடு தொடங்குகிறது. மூச்சுப்பாதையிலும் குடலிலும் முழு அளவுக்கு வர 35 முதல் 50 நாள் வரை ஆகிறது. கறிக்கு வளர்க்கும் பெக்கின் வாத்து ஆறு ஏழு வாரத்தில் சந்தைக்குப் போய்விடும். அதாவது தன் குடல் காவலைக் கட்டி முடிக்கும் நேரத்தில் அது பண்ணையை விட்டே போகிறது. நாம் வளர்க்கும் காலம் முழுவதும் அது முழுக் காவல் இல்லாத பறவைதான்.

தாய் கொடுத்தது இரண்டு மூன்று வாரத்தில் தீர்கிறது, சொந்தமானது ஐந்தாவது வாரத்துக்கு மேல்தான் நிறைகிறது. நடுவில் வரும் மூன்றாவது, நாலாவது வாரம்தான் ஆபத்தான இடைவெளி. அத்திபெலேக் குஞ்சுகள் சாகத் தொடங்கியது சரியாக அந்த இடைவெளியில்.

ஒரே பொரிப்பு, இரண்டு பண்ணை

இடைவெளி எல்லா வாத்துக்குஞ்சுக்கும் உண்டு, எல்லாக் குஞ்சும் சாவதில்லை. அதனால் இந்தக் கூட்டத்துக்கு மட்டும் என்ன நடந்தது என்று பின்னோக்கிப் போனோம்.

பொரிப்பகத்தில் முதலில் வெளிவந்த குஞ்சுகளைக் கடைசிக் குஞ்சு வரும் வரை பெட்டியிலேயே வைத்திருந்தார்கள். அதற்கு மேல் இரவு முழுக்க லாரிப் பயணம். முதலில் பொரிந்தவை தண்ணீரைப் பார்க்கவே இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருக்கும். இது சின்ன விஷயமில்லை. இஸ்ரேலில் கோழிக்குஞ்சுகளில் நடந்த ஆய்வில், 72 மணி நேரம் தீவனம் தராமல் வைத்தவற்றின் பின்குடலிலும் பர்சாவிலும் நிணநீர் செல்கள் நிறைவது முதல் இரண்டு வாரம் பின்தங்கியது, எதிர்ப்பாற்றலும் குறைந்தது. கோழியிலேயே அப்படியென்றால், காவலை இன்னும் நிதானமாகக் கட்டும் வாத்துக்கு அந்த இரண்டு நாள் பெரிய கடன்.

ஆனால் தாமதம் மட்டுமே காரணம் என்று நிறுத்த முடியவில்லை. அதே பொரிப்பில் வந்த குஞ்சுகள், அதே லாரியில், கோலார் சாலையில் உள்ள இன்னொரு பண்ணைக்கும் போயிருந்தன. அங்கே போய்ப் பார்த்தேன். குஞ்சுகள் ஒரே சீராக, இறகு வெளுத்து, சத்தம் போட்டுக்கொண்டு திரிந்தன. அந்தப் பண்ணைக்காரர் விஷயத்தைக் கேட்டதும், "எடுத்துக்கிட்டுப் போங்க டாக்டர், எங்க குஞ்சுக்கும் நாளைக்கு வரக்கூடாதில்ல" என்று இரண்டு நல்ல குஞ்சுகளைக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். ஒப்பிட ஆரோக்கியமான குஞ்சு இல்லாமல் இந்த ஆய்வு பாதியில் நின்றிருக்கும், அவருக்கு நான் மனதார நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டு பண்ணைக் குஞ்சுகளின் குடல் வளையம், பர்சா, டான்சில் துண்டுகளைப் பத்து சதவீத ஃபார்மலினில் போட்டு, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கோலார் சாலைக் குஞ்சின் வளையத்தில் நிணநீர் முடிச்சுகள் நெருக்கமாக, ஊதா நிறத்தில் அடர்ந்து, சிலவற்றின் நடுவே நிணநீர் செல்கள் பெருகும் இடமான வெளிறிய பெருக்க மையமும் தெரிந்தது. அத்திபெலேக் குஞ்சில் அதே இடத்தில் சிதறிய செல்கள், நடுவே வெற்றிடம், முடிச்சு என்று சொல்ல ஒன்றிரண்டுதான். பெருக்க மையம் ஒன்றுகூட இல்லை. பர்சாவில் முடிச்சுகளின் வெளிவிளிம்பு மெலிந்து, முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையில் நார்த்திசு அகன்று கிடந்தது. பிளேக்கில் செல்லின் கருவுக்குள் தெரியும் வைரஸ் பொதிகளை எல்லாத் துண்டிலும் தேடினோம், எங்கும் இல்லை. பிசிஆரும் பின்னர் எதிர்மறை என்றே வந்தது.

கல்லீரல் துண்டுதான் விடையைக் கொடுத்தது. பித்தக் குழாய்கள் ஒன்று பலவாகப் பெருகி, கல்லீரல் செல்களுக்கு இடையே கொத்துக் கொத்தாக நின்றன. வாத்துக்குஞ்சின் கல்லீரலில் அந்தக் காட்சியைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சினைத்தான்.

மக்காச்சோளம்

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. வாத்துக்குஞ்சுகளும் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் நஞ்சு என்று பிறகு தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற பெயரே அந்தத் தேடலில் பிறந்தது. அப்போது நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க ஒருநாள் வயது வாத்துக்குஞ்சைத்தான் பயன்படுத்தினார்கள், அவ்வளவு எளிதில் பாதிக்கப்படும் உயிர் அது. வாத்தின் கல்லீரல் இந்த நஞ்சை இன்னும் கொடிய வடிவமாக வேகமாக மாற்றிவிடுகிறது, அந்த வடிவத்தைச் செயலிழக்கச் செய்யும் சக்தியோ குறைவு. அது செல்லின் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்ளும். வேகமாகப் பெருகும் செல்களுக்கு அடி அதிகம். நாலு வாரக் குஞ்சின் உடம்பில் பர்சாவும் குடல் வளையமும் தைமஸும் வேகமாகப் பெருகும் திசுக்கள்.

பண்ணையில் முதல் பத்து நாள் கடைத் தீவனம். அதன் பிறகு செலவைக் குறைக்க, மழையில் நனைந்த மக்காச்சோளத்தை மலிவாக வாங்கி அரைத்து, கடலைப் புண்ணாக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அக்டோபர், நவம்பர் இங்கே மழைக்காலம். தகரக் கொட்டகையில் மூட்டைகள் நேராக சிமெண்டுத் தரையிலும் சுவரை ஒட்டியும் அடுக்கப்பட்டிருந்தன. மேல் மூட்டை காய்ந்திருந்தது. அடி மூட்டைக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது, கை நிறைய வந்த சோளம் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. ஒரு மணியைக் கடித்துப் பார்த்தேன். காய்ந்த சோளம் பல்லில் டக்கென்று உடைய வேண்டும், இது நசுங்கியது.

"பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிஞ்சதை எல்லாம் பொறுக்கிட்டோம். மிச்சத்தை வேக வச்சு, வெயில்ல காயப் போட்டுத்தானே அரைச்சோம் டாக்டரம்மா?" என்று அந்தம்மா கேட்டார். அவர் அதற்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்பது கொட்டகைக்குப் பின்னால் இருந்த பெரிய அண்டாவையும் விறகையும் பார்த்தாலே தெரிந்தது. வேக வைத்தால் பூஞ்சை சாகும், அது விட்டுவிட்டுப் போன நஞ்சு சாகாது. சமையல் சூட்டை அது தாங்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் மணியிலும் இருக்கும். மூட்டைகளின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்று தீவனத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மேல்வரம்பைப் பல மடங்கு தாண்டி வந்தது.

கூடவே முதல் வாரம் முழுக்கத் தண்ணீரில் ஆண்டிபயாடிக். நோய் எதுவும் இல்லை, "பாதுகாப்புக்கு" என்று மருந்துக்கடையில் கொடுத்தது. குடலில் நல்ல பாக்டீரியா குடியேறி, அந்த வளையத் திசுவுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டிய வாரம் அது. என் பார்வையில் இந்தப் பழக்கம் வாத்துக்குஞ்சுக்குச் செய்யும் நேரடிக் கெடுதல். கோலார் சாலைப் பண்ணையில் இந்த மருந்தும் இல்லை, நனைந்த சோளமும் இல்லை, தாமதம் மட்டும் இருவருக்கும் பொது. எனவே தாமதம் அடித்தளத்தைப் பலவீனமாக்கியது, நஞ்சு அதைச் சரித்தது, ஆண்டிபயாடிக் துணைபோனது என்று வரிசைப்படுத்துகிறேன். செத்த குஞ்சுகளில் சிலவற்றின் இதய இரத்தத்தில் ஈ.கோலை வளர்ந்தது. எப்போதும் குடலில் இருக்கும் பாக்டீரியாதான் அது. காவல் இல்லாத சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் வந்திருக்கிறது.

செய்ததும், வேண்டுமென்றே செய்யாததும்

தடுப்பூசியை அன்று போடவில்லை. உண்மையான பிளேக்காக இருந்தால், பரவத் தொடங்கிய கூட்டத்தில்கூட உடனே போடும் உயிருள்ள தடுப்பூசி பலன் தரும், ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் நஷ்டம். அதனால்தான் உணவுக்குழாய், எச்சவாய், இதயம், பர்சா எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே வேண்டாம் என்று சொன்னேன். நிணநீர்த் திசு வற்றிக் கிடக்கும் குஞ்சுக்கு ஊசி போட்டால் அதற்குப் பதில் சொல்ல அதன் உடம்பில் ஆளில்லை. பிடித்து அடைத்து ஊசி போடும் அலைச்சலில் இன்னும் சில சாகும். கூட்டத்துக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்ற தவறான நம்பிக்கை வேறு வரும்.

சோளமும் புண்ணாக்கும் அன்றே நிறுத்தப்பட்டன. நம்பகமான குருணைத் தீவனம், அதில் நஞ்சை ஒட்டிப் பிடித்து எச்சத்தோடு வெளியேற்றும் களிமண் வகைச் சேர்மானம், வைட்டமின்கள். வாத்துக்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட நியாசின் கூடுதலாகத் தேவை, கோழித் தீவனம் கொடுத்தால் கால் வளைந்துபோகும் என்பதால் ஈஸ்டும் சேர்த்தோம். மந்தமாக நின்றவற்றைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு மட்டும் சோதனையில் ஈ.கோலைக்குக் கேட்ட மருந்து. மற்ற கூட்டத்துக்கு ஆண்டிபயாடிக் கிடையாது. ஈர உமியை அள்ளிவிட்டுப் புதியது போட்டு, தண்ணீர்த் தொட்டிகளைக் கம்பிவலை மேடைக்கு மாற்றினோம். வாத்து தண்ணீரை அளைந்து குடிக்கும் பறவை, மேடை இல்லாவிட்டால் தரை ஒரு நாளில் சேறாகிவிடும்.

ஒரே ஒரு இடத்தில்தான் வாக்குவாதம். மிச்ச மூட்டைகளை மாட்டுக்குப் போடலாமா என்று பண்ணைக்காரர் கேட்டார். வாங்கின பணம் கண்முன்னால் கிடக்கும்போது அந்தக் கேள்வி நியாயமானதே. வீட்டில் கறவை மாடு ஒன்று இருந்தது, அதன் பாலைத்தான் அவர்கள் பிள்ளை குடிக்கிறது. மாடு தின்றால் நஞ்சு எம்1 என்ற வடிவத்தில் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது என்று சொன்னதும் அந்தம்மா, "அப்படின்னா குழி வெட்டுங்க" என்று முடித்துவிட்டார்.

அதன் பிறகு

தீவனம் மாறிய வாரத்திலேயே சாவு குறைந்து, அடுத்த வாரம் நின்றது. தப்பியவை தின்று தேறின, ஆனால் கிறிஸ்துமஸுக்குப் பாதிக் கூட்டம்தான் எடைக்கு வந்தது. மீதி பொங்கலுக்குப் பிறகே விற்றது. குள்ளமாக நின்றவை கடைசி வரை குள்ளமாகவே நின்றன. ஏழாவது வாரத்தில் அப்படி ஒன்றைக் கழித்தபோது, குடலையும் பர்சாவையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். குடல் வளையங்கள் தடித்து, முடிச்சுகள் திரும்ப வந்திருந்தன, பெருக்க மையங்களும் தெரிந்தன. பர்சா மட்டும் வயதுக்கு ஏற்ற அளவைத் தொடவில்லை. நல்ல தீவனம் கிடைத்தால் குடலின் திசு தன்னை மீட்டுக்கொள்கிறது, குஞ்சுப் பருவத்தில் இழந்த பர்சாவை ஈடுகட்ட அதற்கு அவகாசம் குறைவு, ஏனென்றால் பருவம் வரும்போது அது எப்படியும் சுருங்கிவிடும் உறுப்பு.

முட்டைக்கென்று நிறுத்திக்கொண்ட வாத்துகளுக்கு எட்டு வாரம் முடிந்து, உடம்பு தேறியதைப் பார்த்த பிறகு பிளேக் தடுப்பூசி போட்டோம். அடுத்த கூட்டத்தை அவர்கள் பிப்ரவரியில் இறக்கினார்கள். முதலில் பொரிந்தவற்றைத் தனியாக அனுப்பப் பொரிப்பகம் ஒத்துக்கொண்டது, வண்டியிலிருந்து இறங்கியதும் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் தொட்டு எடுத்த பிறகே வெப்பமூட்டும் புரூடருக்குள் விட்டார்கள். சோளம் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நாய் கடித்துச் செத்த நாலு வாரக் குஞ்சு ஒன்றை அவர்களே ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். குடலைக் கீறி அலசியதும் வளையங்கள் நான்கும் விரலுக்குத் தடிப்பாகப் பட்டன.